ஊசி போட்ட மாட்டின் பால்

துணுக்காயில் அம்மம்மா ஒரு விடியல் ஐந்து சட்டிப் பாலை அப்படியே வேலியடியில் ஊற்றினா. மடிநோய்க்கு ஊசி போட்ட எருமையின் பாலும் கலந்துவிட்டது, இரவு விட்ட உறைமோர் வேலையே செய்யவில்லை. மருந்து உறைமோரில் இருந்த பற்றீரியாவைக் கொன்றுவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஆய்வுகூடத்தில் இதே கொல்லும் குணத்தைத்தான் சல்லடையாக வைத்திருந்தார்கள். பற்றீரியாவுக்குள் புது மரபணு ஏறியதா என்று அறிய, மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றையும் சேர்த்துப் புகுத்தி, மருந்தை ஊற்றி, பிழைத்ததை எடுப்பார்கள். ஆனால் சாப்பாட்டுக்கு அது சரிவராது, அந்தத் தாங்கும் குணம் குடலில் இருக்கும் வேறு கிருமிகளுக்கும் போய்ச் சேரலாம்.

பாலைப் புளிக்கவைக்கும் பற்றீரியாவான லக்டோகொக்கஸ் லக்டிஸில் செய்த மாற்று வழி எனக்கு மிகவும் பிடித்தது. பாலின் சீனியான லக்டோஸை உள்ளே எடுக்கத் தேவையான மரபணு ஒன்றை அதன் நிறமூர்த்தத்திலிருந்து நீக்கிவிட்டு, அதையே புது மரபணுவோடு சேர்த்து ஒரு பிளாஸ்மிட்டில் (நிறமூர்த்தத்துக்கு வெளியே இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில்) வைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அப்புறம் பாலில் விட்டால், பிளாஸ்மிட் உள்ளதுதான் செழிக்கும், மருந்தே வேண்டாம்! புது மரபணுவை இயக்கும் ஆளியும் (சுவிட்ச்) பால் வழி வந்ததுதான்: 1928இல் கண்டறியப்பட்ட நைசின், இதே இனப் பற்றீரியா சுரப்பது, பாலாடைக்கட்டி கெடாமலிருக்கச் சேர்ப்பது. அதில் மிகச் சிறிதளவு போதும்.

இப்படிச் செய்த தயிர் என்றால் நான் பயமில்லாமல் சாப்பிடுவேன், ஆனால் மரபணு மாற்றிய பற்றீரியா சேர்ந்தது என்று சட்டியில் எழுதி ஒட்டத்தான் வேண்டும்.