வாகரை வேடர் கிராமத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம்

பழங்குடி மக்களைப் பார்க்கும் களப்பயணம் என்றால் எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் மகியங்கனைக்குக் கிட்ட உள்ள வேடர் கிராமமான தம்பானைக்குத்தான் பஸ் பிடிக்கும். தம்பானை நல்ல இடம்தான். ஆனால் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே, வாகரைப் பக்கம், தமிழ் பேசும் கரையோர வேடர்கள் இருக்கிறார்கள், 1911இலேயே வேடர்களை ஆராய்ந்த செலிக்மன் தம்பதி இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அப்படியிருக்க எங்கள் பிள்ளைகளுக்கு இவர்களைத் தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அதிபர் சம்மதம், பெற்றோர் கடிதம், வலயக் கல்விப் பணிமனை அனுமதி, பஸ்ஸின் பத்திரங்கள் எல்லாம் வழக்கம்போலத்தான், முன்கூட்டியே கொடுத்தால் சிக்கல் இல்லை. மார்கழி மழையில் அந்தப் பக்கம் வெள்ளம் நிற்கும் என்பதால் வெயில் காலத்தில் நாள் குறித்தோம்.

முக்கியமான அனுமதி ஊராரிடம் கேட்பதுதான். கிராம சேவகர் மூலம் தொடர்பு எடுத்து, நானும் இன்னொரு ஆசிரியரும் முதலில் தனியாகப் போய் ஊர்ப் பெரியவரைக் கண்டோம். சடங்கைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா ஐயா என்று கேட்டதற்கு, "அது தெய்வத்துக்குச் செய்யிறது, அதுக்கு ஒரு காலம் இருக்கு மனே, பார்க்க ஆள் வருதெண்டு செய்யேலாது" என்றார். சரி என்று அந்தப் பேச்சை அத்தோடு விட்டோம். மறுகா அவரே என்னென்ன காட்டலாம் என்று சொன்னார், அதை வைத்துத்தான் நாளின் ஒழுங்கைப் போட்டோம். படம் எடுப்பதற்கும் வீட்டாரைக் கேட்க வேண்டும் என்று பஸ் ஏறும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டோம்.

போன அன்று காட்டோரம் நடந்து எந்தக் கொடியின் அடியில் கிழங்கு இருக்கும், தேனீ போகும் திசையைப் பார்த்துத் தேன்கூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் அவர் காட்டிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் வில்லும் அம்பும் கேட்டார்கள், அவரோ ஆற்றில் வலை வீசுவதையும் காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிரையும் பற்றித்தான் அதிகம் பேசினார், ஏனென்றால் அவர்கள் பிழைப்பு அதுதான். யுத்தத்தில் 2006, 2007இல் வாகரையை விட்டு வெளியேறிய கதையை ஓர் ஆச்சி சொன்னபோது எங்கள் பிள்ளைகள் சிலர் தங்கள் வீட்டிலும் அதே இடம்பெயர்வுக் கதை இருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு கேள்விகளே மாறிவிட்டன: பள்ளிக்கு எவ்வளவு தூரம், காட்டுக்குள் போக இப்போது விடுகிறார்களா, காணிக்கு உறுதி இருக்கிறதா. நான் எழுதிக் கொடுத்த வினாத்தாளில் இவை ஒன்றுமே இல்லை.

இன்னொரு பாடசாலை போவதென்றால் ஒன்று சொல்வேன்: பழைய உடுப்பு, பிஸ்கட் பொதி என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வழிகாட்டியவர்களின் அரை நாள் உழைப்புக்கு உரிய கூலியை முன்பே பேசிக் கொடுங்கள், சமைத்தவர்களுக்கும் கொடுங்கள்.

அந்த ஊர்ப் பிள்ளைகளை எங்கள் பாடசாலைக்கு அழைக்கவும் வலயத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடி மக்கள் தினத்தை ஒட்டி நாள் கேட்டிருக்கிறோம், பஸ் செலவை எங்கள் பெற்றோர் ஏற்கிறார்கள்.