மேல்மாடத்து வரிசையிலிருந்து பாலே

பாலே ரசிகர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், எந்த நாட்டிய நாடகத்தைப் பார்த்தீர்கள் என்பது இரண்டாவது கேள்விதான்; யார் ஆடினார்கள் என்பதே முதலில் வரும். ஒரே ‘ஜிசெல்’லை ஒரே வாரத்தில் மூன்று நாயகியர் மாறி மாறி ஆடுவார்கள், மூன்றும் மூன்று கதையாக இருக்கும். கோலாலம்பூரில் இந்தப் பேச்சைத் தமிழில் பேசிக்கொள்ளும் சிறு வட்டம் ஒன்று உண்டு. சிறு வயதில் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ பரதம் கற்று, வேலை, குடும்பம் என்று சலங்கையைக் கழற்றி வைத்தபின், எப்படியோ பாலேயின் பக்கம் இழுக்கப்பட்டவர்களே எங்களில் பெரும்பாலோர். எங்களுக்குள் ஓயாமல் நடக்கும் ஒரு வாதத்தில் என் கட்சியை இங்கே எழுதிவைக்கிறேன்: நாயகியைத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம், அவளுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் பெண்களைப் பார்க்கத்தான் அரங்குக்குப் போக வேண்டும்.

திரையை நான் குறைத்துச் சொல்லவில்லை. லண்டனுக்கும் மாஸ்கோவுக்கும் பயணச்சீட்டு வாங்கும் வசதி எங்களில் யாருக்கும் இல்லை; லண்டன் ராயல் பாலே குழுவின் ஒளிப்பதிவுகள் இல்லையென்றால் நடாலியா ஓசிபோவா, மாரியனெலா நூன்யெஸ் என்ற அதன் நாயகியரை நாங்கள் அறிந்திருக்கவே மாட்டோம். பீட்டர் ரைட் வடிவமைத்த அதே ‘ஜிசெல்’லில் ஓசிபோவா கார்லோஸ் அகோஸ்டாவுடன் ஆடியதும், நூன்யெஸ் வாடிம் முன்டகிரோவுடன் ஆடியதும் பதிவுகளாகக் கிடைக்கின்றன. அவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதைப்போல ஒரு பாடம் வேறில்லை. காதலனின் வஞ்சகத்தால் முதல் அங்கத்தில் இறந்து, இரண்டாம் அங்கத்தில் கல்லறையிலிருந்து எழுப்பப்படும் ஜிசெல், ஒற்றைக் காலில் தத்தியபடியே சுழல வேண்டிய இடம் ஒன்று வரும். ஓசிபோவா அதை ஆடும்போது, உடலைவிட்டு நீங்கிய ஒன்று பிடியிலிருந்து தப்பிச் சீறுவதாகவே தோன்றுகிறது. நூன்யெஸ் சுழலும்போதோ வேகம் குறைவில்லை என்றாலும் தோள்கள் தளர்ந்தே இருக்கின்றன. இறந்தபின்னும் இவள் காதலனை மன்னித்துவிடுவாள் என்பது அந்தத் தோள்களிலேயே தெரிந்துவிடுகிறது. எங்கள் வட்டத்தில் ஓசிபோவா கட்சியே பெரிது. நான் நூன்யெஸ் கட்சி. முன்டகிரோவ் குதித்து இறங்கும்போது தரை அவரை வாங்கிக்கொள்ளும் மென்மையைப் பற்றி மட்டும் இரு கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆனால் ‘ஜிசெல்’லின் இரண்டாம் அங்கம் நாயகிக்கு மட்டும் உரியதன்று. திருமணத்துக்கு முன்பே ஏமாற்றப்பட்டு இறந்த பெண்கள், ‘வில்லி’கள் என்ற ஆவிகளாக இரவில் எழுந்து, அகப்படும் ஆண்களைச் சாகும்வரை ஆடவைக்கிறார்கள் என்பதே அதன் கதை. கன்னியாக இறந்த பெண்ணுக்கு விளக்கேற்றிப் புடைவை சாத்தி வணங்கும் வழக்கத்தைக் குடும்பத்தில் கண்டு வளர்ந்த தமிழருக்கு இக்கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்துப் பாட்டிமார் பார்த்திருந்தால், இவர்களுக்கு யாராவது படையல் போடக்கூடாதா என்றுதான் கேட்டிருப்பார்கள்.

அந்த ஆவிகள் இரு அணிகளாகப் பிரிந்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி, மறுகாலில் தத்தித் தத்தி, மேடையின் இரு புறங்களிலிருந்தும் வந்து ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து செல்லும் காட்சி ஒன்று உண்டு. ஆராபெஸ்க் என்னும் அந்த நிலையை எவளும் குலைக்கக் கூடாது. ஒருத்தியின் கால் ஒரு சாண் உயர்ந்தாலும் வரிசை முழுவதும் கெட்டுவிடும். பெரும்பாலான பதிவுகளில் இந்த இடத்தில்தான் ஒளிப்பதிவாளருக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒரு முகத்துக்கு அருகில் போகிறார், பிறகு பாதங்களுக்கு, பிறகு ஓரத்தில் நிற்கும் ஆவிகளின் ராணி மிர்தாவுக்கு. இரு வரிசைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகும் அந்தக் கணம் துண்டு துண்டாகத்தான் நமக்குக் கிடைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூர் எஸ்பிளனேட் அரங்கில், அப்போது சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டர் என்றும் இப்போது சிங்கப்பூர் பாலே என்றும் வழங்கும் குழுவின் ‘ஜிசெல்’லைப் பார்த்தேன். கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் போய் இறங்கிய களைப்பு முதல் அங்கம் முழுக்க இருந்தது; கிராமத்துக் கொண்டாட்டங்களை அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை. இரண்டாம் அங்கத்தில் அந்த இரு அணிகளும் நகரத் தொடங்கியபோது எந்தப் பதிவிலும் கேட்டிராத ஒன்று காதில் விழுந்தது. அத்தனை பெண்களின் காலணிகளும் ஒரே நேரத்தில் தரையில் எழுப்பிய தொம், தொம் என்ற ஒலிதான் அது. ஆவிகளுக்கு ஓசை இருக்கக் கூடாது என்று சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். தாளத்தைக் காலில் கேட்டுப் பழகிய எனக்கு அது குறையாகப் படவில்லை. இசைக்குழுவின் தந்திகளுக்கு அடியில் அந்தக் காலோசை சீராக ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் பாவப்பட்ட பெண்கள் மட்டும் அல்லர், படை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதலனை இவர்களிடமிருந்து காப்பாற்ற ஜிசெல் ஏன் அவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதற்குத் திரையில் கிடைக்காத விடை அந்த ஒலியில் இருந்தது.

பாயின்ட் ஷூ என்னும் அக்காலணியின் முனையில் இருப்பது மரம் என்று பலர் நினைக்கிறார்கள். துணியையும் காகிதத்தையும் அடுக்கடுக்காகப் பசையிட்டு இறுக்கியதே அது. புதிதாக இருக்கையில் கட்டையைப் போலத் தட்டும் என்பதால், ஆடுபவர்கள் அதைப் படிக்கட்டிலும் சுவரிலும் அடித்து, வளைத்து, அடிப்பாகத்தைக் கத்தியால் கீறி, தங்கள் காலுக்குப் பழக்கிய பிறகே அணிகிறார்கள். கடினமான ஒரு வேடத்தில் ஒரு ஜோடி ஓர் இரவுகூடத் தாங்காமல் போவதும் உண்டு. முதல் வரிசைக்கு அருகில் உட்கார்ந்தால், வழுக்காமலிருக்க ரோசின் என்னும் பிசின் தூளில் காலை அழுத்தித் தேய்த்துவிட்டு வரும் பெண்ணின் காலணி முனையில் பட்டுத் துணி நைந்து நூல் பிரிந்திருப்பதைக்கூடக் காணலாம்.

இசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோலாலம்பூருக்கு வரும் சுற்றுப்பயணக் குழுக்கள் பல, இசைக்குழுவை அழைத்துவரும் செலவைத் தாங்க முடியாமல், பதிவுசெய்த இசைக்கே ஆடுகின்றன. அப்படிப்பட்ட ஒரு மாலையில், நாயகி ஒற்றைக் கால் விரலில் நின்று, இன்னும் ஒரு மூச்சு நின்றிருக்கக்கூடிய நிலையில், ஒலிப்பெருக்கி அவளைக் கேட்காமலே அடுத்த அடிக்குப் போய்விட்டது. அவளும் காலை இறக்கிவிட்டு ஓடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. நட்டுவனார் ஆடுபவளின் பாதத்தைப் பார்த்துக்கொண்டே தட்டுவதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சகித்துக்கொள்வது கடினம். நல்ல இசைநடத்துநரும் அப்படித்தான். கோலை உயர்த்தியபடி அவளுக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

எங்கள் ஊர்ப் பார்வையாளர்களும் ஒரு தனி ரகம். பாலே நிகழ்ச்சி என்றால் அரங்கில் பாதி, தலைமுடியை இறுக்கிக் கொண்டையிட்ட சிறுமியரும் அவர்களுடைய தாய்மாரும்தான். ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் தேர்வுகளுக்குப் பயிலும் பிள்ளைகள் ஆதலால், எது சரி எது தவறு என்பது அவர்களுக்கு அத்துபடி. ‘ஸ்வான் லேக்’கில் கறுப்பு அன்னம் ஒற்றைக் காலில் சுழலும் முப்பத்திரண்டு ஃபுவெத்தேக்கள் வரும்போது என் பின்னாலிருந்த சிறுமி ஒருத்தி வாய்விட்டே எண்ணினாள். பியெரினா லென்யானி என்ற இத்தாலிய ஆட்டக்காரி 1895-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆடிக் காட்டியதிலிருந்து அந்த எண்ணிக்கை நாயகியரின் தலையில் விழுந்த கடனாகிவிட்டது. கைதட்டல் அதற்குத்தான் அதிகம் விழுகிறது. முந்தைய அங்கத்தில் ஏரிக்கரையில் அன்னப் பெண்கள் இருபுறமும் வரிசையாக அசையாமல் நின்றார்களே, அந்த நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் வலி ஆடியவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

பாலேயைப் பேசும் தமிழருக்கு ‘லா பயாதேர்’ ஒரு தர்மசங்கடம். கோயில் நடனக்காரியான நிகியாவின் கதை என்று சொல்லி, இந்தியாவைக் கண்டிராத மாரியஸ் பெத்திப்பா 1877-இல் அமைத்தது அது. முதல் அங்கத்தின் பக்கீர்களையும், இடுப்புத் தெரியும் சல்லாத் துணிகளையும், எந்த ஊருக்கும் சேராத கும்பிடுகளையும் பார்த்து எங்கள் வட்டத்தில் சிரிக்காதவர் இல்லை. இத்தனைக்கும், அசல் தேவதாசியரை ஐரோப்பா அதற்கு முன்பே பார்த்திருந்தது. 1838-இல் புதுச்சேரி வட்டாரத்துத் தேவதாசியர் சிலர், தங்கள் இசைக்காரர்களுடன் பாரிஸின் வரியேத்தே அரங்கிலும் பின்னர் லண்டனிலும் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற இளம்பெண்ணின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்து எழுதியவர் பிரெஞ்சுக் கவிஞர் தெயோஃபில் கோத்தியே. சிற்பி பார் அவளை வெண்கலத்தில் வடித்தார். மூன்றே ஆண்டுகளில், 1841-இல், அதே கோத்தியேயின் பங்களிப்பில் உருவான கதைதான் ‘ஜிசெல்’. கார்லொத்தா கிரீசி அதில் ஆடிப் புகழடைந்தாள். வில்லிகளின் கதை அம்மணியிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. அது ஜெர்மன் கவிஞர் ஹைனே எழுதிவைத்த ஸ்லாவிய நாட்டுக்கதை. ஆயினும் அந்தக் கதையை எழுதிய கண்கள் நம் ஊர்ப் பெண்ணின் அரைமண்டியைப் பார்த்த கண்கள் என்ற எண்ணம், எனக்கு ‘ஜிசெல்’லை இன்னும் கொஞ்சம் சொந்தமாக்குகிறது.

முதல் அங்கத்தைச் சிரித்துக் கடந்துவிட்டாலும், ‘பயாதேர்’ மூன்றாம் அங்கத்தின் நிழல்களின் காட்சியில் வாய் மூடித்தான் ஆக வேண்டும். வெள்ளை உடையில் பெண்கள் சரிவுப் பாதையொன்றில் ஒருத்தி பின் ஒருத்தியாக இறங்கி வருகிறார்கள், ஓர் அடி, காலைப் பின்னே நீட்டிய ஓர் ஆராபெஸ்க், பின்புறமாக ஒரு வளைவு, மீண்டும் அதுவே. சில குழுக்களில் இருபத்துநான்கு பேர், சிலவற்றில் முப்பத்திரண்டு. முதலில் இறங்கியவள், கடைசிப் பெண் வரும்வரை அதையே நடுங்காமல் செய்துகொண்டிருக்க வேண்டும். கதையும் இல்லை, அபிநயமும் இல்லை. நுனிக்காலில் வித்தை காட்டும் நாயகி அந்த நேரத்தில் மேடையிலேயே இல்லை.

உள்ளூரில் நேரில் பார்த்தவர்களில் எனக்குப் பிடித்தவர் யார் என்றால் தயங்காமல் ராம்லி இப்ராஹிம் என்பேன். ஆஸ்திரேலியாவில் பாலே பயின்று, சிட்னி டான்ஸ் கம்பெனியில் ஆடி, அடையாறு கே. லக்ஷ்மணிடம் பரதமும் தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்று, 1983-இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கியவர். அவருடைய தனியாட்டத்தைவிட, அவர் அமைக்கும் குழு ஒடிசியில் எனக்கு ஈடுபாடு அதிகம். மேடையின் வெற்றிடத்தை எப்போது நிரப்புவது, எப்போது விட்டுவைப்பது என்ற கணக்கு அதில் இருக்கிறது. பாலே வகுப்பில் படிந்த பழக்கம் அது என்றே நினைக்கிறேன். இதற்கும் எங்கள் வட்டத்தில் மறுப்பு உண்டு, அந்தக் கணக்கு ஒடிசியிலேயே இருக்கிறது என்பார்கள்.

ஆகவே இருக்கை வாங்கும்போது நான் கேட்பது எப்போதும் மேல்மாடத்தின் முன்வரிசையைத்தான். விலையும் குறைவு. எங்களுடன் வரும் அக்கா ஒருவருக்கு இது பிடிப்பதில்லை. “மேலே உட்கார்ந்தா முகமே தெரியாதேம்மா,” என்பார். “முகத்தைத்தான் யூடியூப்ல பார்த்தாச்சேக்கா,” என்பேன். அவருக்காக ஒரு சின்ன தூரக்கண்ணாடியைப் பையில் வைத்திருக்கிறேன். முதல் அங்கத்தில், ஜிசெல் காதலனின் வஞ்சகம் தெரிந்து மனம் பேதலிக்கும் காட்சியில், அதை அவரிடமிருந்து நானே கடன் வாங்குவதும் உண்டு. இரண்டாம் அங்கம் தொடங்கியதும் அதைப் பைக்குள் போட்டுவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. அக்கா இன்னும் அதை முழு மனதாக ஒப்புக்கொள்ளவில்லை.