டெஸ் தொலைநோக்கிய நிலா திருப்பி விட்ட கதை
சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துல நேத்து ராத்திரி கரண்டு போயிடுச்சு, புழுக்கம் தாங்காம லயத்து வாசல்ல வந்து உக்காந்தோம், செம்பனை மட்டைக்கு நடுவுல நிலா அப்பத்தான் ஏறிக்கிட்டு இருந்துச்சு. அக்கா பையன்கிட்ட, வேற நட்சத்திரங்கள சுத்துற கோள்களத் தேட நாசா விண்வெளிக்கு அனுப்பின டெஸ் தொலைநோக்கியப் பத்தி சொன்னேன், 2018 ஏப்ரல் 18 கிளம்பி மே 17 நிலாவுக்கு 8,000 கிலோமீட்டர் பக்கத்துல போய் வளைஞ்சுதுன்னு.

"நிலாவ பாக்கவா மாமா போச்சு?"

இல்லடா, அதோட இழுப்ப வாங்கிக்க.

சின்னப் பிள்ளையில குலை ஏத்திப் போற டிராக்டர ஒரு கையால பிடிச்சுக்கிட்டு சைக்கிள்ல மேடு ஏறுவோம், வளைவுல கைய விட்டா மிதிக்காமலே சர்ருனு போகும். நிலா, கோள் மாதிரி ஒண்ணோட ஈர்ப்ப வெச்சு பாதையையும் வேகத்தையும் மாத்திக்கிற கிராவிட்டி அசிஸ்ட் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா ஒரு வித்தியாசம் கட்டாயம் சொல்லணும். நிலாவுல நின்னு பாத்தா விண்கலம் வந்த வேகத்துலயேதான் விலகிப் போகும், திசை மட்டும் திரும்பும். நிலாவே செகண்டுக்கு 1 கிலோமீட்டர் போல ஓடுது இல்லையா, திரும்பின திசையோட அந்த ஓட்டமும் சேர்றப்ப பூமியிலேர்ந்து பாக்குறவங்களுக்கு வேகமே மாறியிருக்கும். அதுக்கு ஈடா நிலா தன் வேகத்துல இழக்கிறது அளக்கவே முடியாத துளி. இது புரிஞ்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல.

டெஸ் எடை 362 கிலோதான், எல்லாத்தையும் எரிபொருள வெச்சே செய்ய முடியாது. நிலா ஒரே இழுப்புல பாதையோட சாய்வ மாத்தி, பூமிக்குக் கிட்ட வர்ற முனையையும் தூக்கி விட்டுச்சு. இப்ப அந்த முனையே 1 லட்சம் கிலோமீட்டருக்கு மேல, பூமியச் சுத்தி இருக்கிற கதிர்வீச்சு வளையத்துக்கு வெளிய, பூமி குறுக்க வராம நாள்கணக்கா வானத்த பாக்கலாம். ஒரு சுத்துக்கு 13.7 நாள், நிலாவோட சுத்துல சரிபாதி! தூர முனைக்குப் போறப்ப நிலா ஒரு தடவ 90 டிகிரி முன்னாடி, மறுதடவ 90 டிகிரி பின்னாடி நிக்கும், முன்ன இழுத்தத பின்ன இழுத்து சரிக்கட்டிடும். எவ்ளோ அழகான கணக்கு!

"போற நேரம் நிலா அங்க இல்லாட்டி?"ன்னான் பய. அதுக்குத்தான் முதல்ல பூமியையே மூணரை வளையம் சுத்துறது, கிட்ட வர்றப்பல்லாம் இன்ஜின கொஞ்சம் தட்டி ராக்கெட் விட்ட பிழைய திருத்தி, நிலா வர்ற நேரத்துக்கு சரியா போய்ச் சேரணும். 2001ல பிரபஞ்சத்தோட ஆதி ஒளிய அளக்கப் போன டபிள்யூமேப் விண்கலமும் இப்படித்தான், ஜூன் 30 கிளம்பி, ஜூலை 30 நிலாவ கடந்து, அக்டோபர் 1 எல்2 போய்ச் சேர்ந்துச்சு, அது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் பூமியோட சேர்ந்தே சுத்துற ஒரு இடம், பூமியிலேர்ந்து 15 லட்சம் கிலோமீட்டர்.

காலைல பாத்தா பய கணக்குப் புக்குல மூணரை வளையம் போட்டு, நிலா இருக்க வேண்டிய இடத்துல டிராக்டர் வரைஞ்சு வெச்சிருக்கான்.