யானைகள் வாழ்ந்த தீலோஸ்

கிரீஸ் என்றதும் எல்லோரும் சாண்டோரினி படத்தைத்தான் போடுகிறார்கள். நான் தீலோஸைப் பற்றிச் சொல்கிறேன். ரோட்ஸ், கோஸ் என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவில் இருக்கும் சின்னத் தீவு. லிவாதியா துறைமுகத்தில் இறங்கினால் ஒரு வளைகுடா, கூழாங்கல் கரை, சில உணவகங்கள், அவ்வளவுதான்.

இந்தத் தீவில் ஒரு காலத்தில் யானைகள் இருந்தன! 1971இல் கர்காதியோ குகையில் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தார் தோண்டி எலும்புகளை எடுத்தார்கள். அந்த யானைகள் கிட்டத்தட்ட ஆள் உயரம்தான். தீவில் தீனி குறைவு, அடித்துத் தின்ன பெரிய விலங்கும் இல்லை. தலைமுறை தலைமுறையாக உடம்பு சிறுத்துவிட்டது. ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் இவைதான் என்கிறார்கள். அந்த யானையின் கடைவாய்ப் பல் ஒன்றைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் மிக்ரோ கோரியோ. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே லிவாதியாவுக்கு இறங்கிவிட்ட ஊர். கூரையில்லாத கல்வீடுகள். ஒரு வீட்டில் அடுப்பு மாடத்தில் இன்னும் கரி ஒட்டியிருக்கிறது, நடுக்கூடத்தில் அத்திமரம் வளர்ந்திருக்கிறது. ஆனால் தேவாலயத்துக்கு மட்டும் வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். ஊரை விட்டாலும் சாமியை விடவில்லை.

1993 முதல் இங்கே வேட்டைக்குத் தடை. அதனால் மலையேறும்போது பருந்துகளையும் வல்லூறுகளையும் நிம்மதியாகப் பார்க்கலாம். காற்றாலை, சூரியத் தகடு, பெரிய பேட்டரி என்று மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தாங்களே தயாரிக்கிறார்கள். இத்தனூண்டு ஊருக்கு அது பெரிய விஷயம்.

போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். மே மாதம் நல்லது. கப்பல் நேரம் நாளுக்கு நாள் மாறும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.