விளிம்பு துடிக்கும் போஸ்டர்கள்

கண்ணைக் கூசவைக்கும் நிறங்களும் நெளியும் வடிவங்களும் கொண்ட சைக்கடெலிக் ஓவியம் என்றாலே போதை, ஹிப்பி என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அதில் ரொம்ப வருத்தம். 1966, 67-இல் சான்பிரான்சிஸ்கோ ராக் கச்சேரிகளுக்கு அடித்த போஸ்டர்களைப் பாருங்கள். எவ்வளவு படிப்பு அதற்குள்!

அவற்றை வரைந்தவர்களில் ஒருவரான விக்டர் மொஸ்கோசோ ஸ்பெயினில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் அவருக்கு நிறத்தைக் கற்றுக்கொடுத்த ஜோசப் ஆல்பர்ஸ், ஜெர்மனியின் பௌஹௌஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஒரே அளவு பிரகாசமுள்ள சிவப்பையும் நீலத்தையும் ஒட்டி வைத்தால், இரண்டும் சேரும் விளிம்பு துடிக்கிற மாதிரி தெரியும். எது முன்னால், எது பின்னால் என்று கண்ணுக்குப் பிடிபடாது. மற்றவர்கள் தவிர்த்த இதை மொஸ்கோசோ வேண்டுமென்றே போஸ்டர் முழுக்கச் செய்தார். அவருடைய சில போஸ்டர்களில் சிவப்பு விளக்கையும் நீல விளக்கையும் மாற்றி மாற்றிப் போட்டால் உருவங்கள் அசையும்!

அதே சான்பிரான்சிஸ்கோ போஸ்டர்களை வரைந்த வெஸ் வில்சனின் எழுத்து வடிவங்கள் இன்னொரு அழகு. இடைவெளி விடாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தீப்பிழம்பாய் நெளியும். கச்சேரி எங்கே, என்றைக்கு என்று தெரிய நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த எழுத்து வடிவத்தை அவர் வியன்னாவின் ஓவியர் ஆல்பிரட் ரோலரிடமிருந்து எடுத்து வளர்த்தார். ரோலர் நாடக மேடைகளை வடிவமைத்தவரும்கூட.

அப்புறம் ஜப்பானின் டடானோரி யோகோ. உதயசூரியக் கதிர்களும் பழைய மரச்செதுக்கு அச்சுப்படங்களின் அலைகளும் புகைப்படங்களும் ஒரே தாளில்! அவருடைய 1960-களின் போஸ்டர்களை இன்றைக்கே தேடிப் பாருங்கள். கைபேசியில் வேண்டாம், பெரிய திரையில்.