இசிஎச்எஸ் அட்டையும் அப்பாவின் குடியும்

முன்னாள் ராணுவத்தினர் வீட்டுக்காரர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நம் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் பட்டியலில் மருத்துவமனையின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தெந்தத் துறைக்கு அனுமதி என்று பாருங்கள். இசிஎச்எஸ்ஸின் பாலிகிளினிக்கில் ரெஃபரல் (பரிந்துரைச் சீட்டு) வாங்கி, குடியை நிறுத்தியதில் கை நடுங்கிக்கொண்டிருந்த அப்பாவை வாடகைக் காரில் ஏற்றிப் போனால், "இதயம், எலும்புக்குத்தான் இசிஎச்எஸ் சார், மனநலத்துக்கு இல்லை" என்கிறார் கவுண்டரில் இருந்த பெண். காலையில் போனில் "வாங்க, எல்லாம் பார்க்கிறோம்" என்றதும் அதே கவுண்டர்தான். பணம் கட்டினால் உடனே பெட் உண்டாம்!

திரும்பிவிட்டோம். "நாலு நாள் ரூம்ல பூட்டி வைங்க, சரியாகிடும்" என்றார் சித்தப்பா. சினிமாவில் ஒரு பாட்டு முடிவதற்குள் குடியை விட்டுவிடுவார்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பில் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரே போகலாம். அப்பாவுக்கு அன்று நள்ளிரவே வலிப்பு.

இந்த முறை மனநலத்துக்கும் அனுமதி உள்ள வேறு மருத்துவமனை, நேராக அவசரப் பிரிவு. அங்கேயும் அட்வான்ஸ் கேட்டார்கள். அவசரத்துக்கு முன்கூட்டியே ரெஃபரல் வேண்டாம், 48 மணி நேரத்துக்குள் மருத்துவமனைதான் பாலிகிளினிக்குக்குத் தகவல் தர வேண்டும் என்று சொல்லி, அட்டையை நீட்டிக்கொண்டே நின்றேன். யாருக்கோ போன் போட்டார்கள், பிறகு அட்வான்ஸ் பேச்சே வரவில்லை. அந்த விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

உள்ளே சேர்ந்தபின் பெரிய சிக்கல் இல்லை. அதுவரை பார்த்த எல்லா டாக்டர்களும் "தினம் எவ்வளவு?" என்றுதான் கேட்டார்கள். இங்கே இருந்தவர், "பட்டாளத்துல எங்கெல்லாம் இருந்தீங்க?" என்றார். 1987 அக்டோபர், யாழ்ப்பாணம், அமைதிப்படை என்று அப்பா பேச ஆரம்பித்தார். தமிழ் தெரிந்தவர் என்பதால் வீடு வீடாகச் சோதனை போடும்போது இவரைத்தான் முன்னால் அனுப்புவார்களாம். அந்த வருடத் தீபாவளி சண்டைக்கு நடுவேதான் வந்தது. வெடிச் சத்தம் கேட்டால் அப்பா ஏன் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறார் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. குடிக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பப் பார்த்தால் விடாதீர்கள். குடிக்கும், போர் மனதில் விட்டுப்போன காயத்துக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் வேண்டும்.

வேன் அனுப்பித் தூக்கிப் போகிறோம் என்னும் மறுவாழ்வு மையங்களிடம் அரசுப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் மாத்திரை வேண்டவே வேண்டாம். அதன் மேல் குடித்தால் ஆபத்து. ராத்திரியில் கேட்க ஆளில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண், இலவசம்.

ராணுவக் கேன்டீனில் மாதக் கோட்டா மது வாங்கும் கார்டு இப்போது அம்மாவின் பீரோவில். "அவர் குடிக்கலைன்னா கோட்டாவை எனக்கு வாங்கிக் கொடுங்களேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் மாசாமாசம் வந்து நிற்கிறார். போன வாரம் அம்மா அவரைத் திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது.