டபுள் கெப்புக்குச் சப்வூபர் வாங்கப் போய் நான் பட்ட பாடு

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில், தாழ்ந்த ஒலியை மட்டும் தரும் பெரிய ஸ்பீக்கரான சப்வூபருக்குப் பணத்தைக் கட்டிப் பொருத்துவித்துக்கொண்டு வத்தளைக்குப் புறப்பட்டவன், களனிப் பாலத்தைத் தாண்டுவதற்கு முன்னரே அம்ப்ளிஃபயரில் (ஸ்பீக்கர்களுக்கு வலுக் கொடுக்கும் கருவி) சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டேன். பாட்டு அப்படியே நின்றுபோனது. வாகனத்தை ஓரங்கட்டி, செட்டை நிறுத்தி மறுபடி போட்டபோது ஐந்து நிமிடம் பாடியது; பிறகு மீண்டும் அதே சிவப்பு விளக்கு. அன்று தொடங்கிய அலைச்சல் முடிய ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. இதே வேலைக்கு இறங்கப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வாகனம் 2010 ஆம் ஆண்டுத் தயாரிப்பான டபுள் கெப் (இரு வரிசை இருக்கையுள்ள பிக்கப்). 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதோடு மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, இருப்பதையே நன்றாக வைத்திருப்பது என்று முடிவு செய்திருந்தேன். மாதத்தில் இரண்டு தடவையாவது யாழ்ப்பாணம் போய்வருகிறேன். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. கதவில் இருக்கும் ஸ்பீக்கர்களில் நாதஸ்வரம் கேட்கும். தவிலில் விரல்களால் வாசிக்கும் பக்கமான வலந்தலையும் கேட்கும். ஆனால் தொப்பி என்ற மறுபக்கத்தில் விழும் தடியின் அடி டீசல் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகும். எனக்கு வேண்டியிருந்தது அந்த அடி மட்டுமே. வீதியை அதிரவைக்கும் ஆசை எதுவும் இல்லை என்பதைக் கடைக்காரரிடமும் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

அவர் என் தேவையைக் கேட்டுக்கொண்டாரே தவிர, வாகனத்தை வந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு அங்குலச் சப்வூபர் ஒன்று, அதற்கென்று ஏற்கனவே அடித்து வைத்திருந்த பெட்டி, ‘1400 வாட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட நான்கு சானல் (தனித்தனி வெளியீடு) கொண்ட அம்ப்ளிஃபயர், ஒரு வயர் கிட் ஆகியவற்றை ஒரே தொகையாகப் போட்டுத் தந்தார். பின்னிருக்கையின் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெட்டி எந்த வகையிலும் நுழையாது என்பது பொருத்தும்போதுதான் தெரிந்தது. இடப்பக்கப் பயணி கால் வைக்கும் இடத்தில் அதை வைத்துவிட்டு, “தம்பி, கொஞ்ச நாளில் பழகிடும்” என்றார். இரண்டு பிள்ளைகள் ஏறும் வாகனத்தில் அது எப்படிப் பழகும்? அப்போதே மறுத்திருக்க வேண்டும். பணம் கட்டியாகிவிட்டது என்ற எண்ணத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.

சிவப்பு விளக்குக்கான காரணம் மறுநாள்தான் விளங்கியது. ஸ்பீக்கரின் மின்தடையை ஓமில் சொல்வார்கள்; அது குறையக் குறைய அம்ப்ளிஃபயருக்குச் சுமை கூடும். அந்தச் சப்வூபருக்குள் 2 ஓம் கொயில்கள் இரண்டு இருந்தன. தொடராக இணைத்தால் அவை 4 ஓம். சமாந்தரமாக இணைத்தால் 1 ஓம். அம்ப்ளிஃபயரின் இரண்டு சானல்களைக் கதவு ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் ஒன்றாக்கிச் சப்வூபருக்குக் கொடுத்திருந்தார்கள். அப்படி ஒன்றாக்கும்போது 4 ஓமுக்குக் குறையவே கூடாது என்று அதன் கையேட்டிலேயே இருந்தது. பொருத்தியவரோ சமாந்தரமாக இணைத்து 1 ஓமில் ஓடவிட்டிருந்தார். அம்ப் தன்னைக் காத்துக்கொள்ளவே நின்றிருக்கிறது.

வீட்டில் நானே கொயில்களைத் தொடராக மாற்றிக் கொடுத்தேன். சிவப்பு விளக்கு அதன் பின்னர் வரவில்லை. ஆனால் பேஸ் போதவில்லை. 1400 வாட் எங்கே போனது என்று கையேட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், 4 ஓமில் ஒரு சானலுக்கு ஆர்எம்எஸ் (விடாமல் தரக்கூடிய வலு) 75 வாட் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. கையேடு கைக்குக் கிடைக்காவிட்டாலும் கடையில் நின்றபடியே இதைக் கணக்குப் பார்க்க ஒரு வழி உண்டு. அம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் பியூஸைப் பாருங்கள். என்னுடையதில் 25 அம்பியர் பியூஸ்கள் இரண்டு, மொத்தம் 50 அம்பியர். ஓடும் வாகனத்தின் 13.8 வோல்ட்டால் அதைப் பெருக்கினால் 690 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். ஏபி வகை அம்ப்ளிஃபயர் அதில் பாதியை, மிஞ்சிப்போனால் 60 வீதத்தை ஸ்பீக்கர்களுக்குத் தரும். மீதி சூடாகப் போய்விடும். 1400 வாட் அதற்குள்ளிருந்து வர வழியே இல்லை. டி வகையானால் 80 வீதம் வரை எதிர்பார்க்கலாம். அம்ப்ளிஃபயர் வரும் அட்டைப்பெட்டியில் சிஇஏ-2006 என்ற அளவீட்டு முறை குறிக்கப்பட்டிருந்தால், 14.4 வோல்ட்டில், திரிபு 1 வீதத்துக்கு மேற்படாமல் அளந்த எண் என்று பொருள்; அந்த எண்ணை ஓரளவு நம்பலாம்.

பொருட்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பெட்டியில் திருகாணி ஏறிவிட்டதால் எடுக்க முடியாது என்றார்கள். பில்லைக் கேட்டபோது, விலை மட்டும் எழுதிய துண்டுக் காகிதம் ஒன்றைத்தான் முன்னர் தந்திருந்தார்கள் என்பது எனக்கு உறைத்தது. மாதிரி இலக்கமும் இல்லை, உத்தரவாதக் காலமும் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. வாங்கும் நேரத்திலேயே மாதிரி இலக்கத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு போய்க் கேட்கும்போது முகம் மாறிவிடுகிறது. அம்ப்ளிஃபயரை மட்டும் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அது கிடைத்ததே பெரிதென்று திரும்பினேன்.

நண்பர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் சிறிய வயரிங் பட்டறை வைத்திருக்கும் நானா ஒருவரிடம் அனுப்பினார். அவர் சப்வூபரைக் கேட்கவே இல்லை. முதலில் பொனட்டைத் திறக்கச் சொன்னார். பற்றரியிலிருந்து கிளம்பிய சிவப்பு வயரை விரலால் தொடர்ந்துகொண்டே போய், இயந்திரத்துக்கும் கெபினுக்கும் இடையிலுள்ள தகட்டுத் துளை வரை வந்து நின்றார். துளையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு வயரின் தோலை ஏற்கனவே கொஞ்சம் தின்றிருந்தது. “பியூஸ் எங்க தம்பி?” என்றார். அம்ப்ளிஃபயர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், இருக்கைக்குப் பின்னால் இருப்பதாகச் சொன்னேன். “அங்க இருந்து என்ன பிரயோசனம்? இந்த இடத்தில வயர் வாகனத்திட பொடியில உரசினா பத்துறதைத் தடுக்க இடையில ஒண்டுமே இல்ல” என்றார். அந்தப் பியூஸ் அம்ப்ளிஃபயரைக் காப்பதற்கல்ல, வயரைக் காப்பதற்கு; ஆகவே அது பற்றரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு வாரம் ஓடியிருக்கிறேன். இழந்த பணத்தைவிட இதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. வேறெதையும் பார்க்க நேரமில்லாவிட்டாலும் இந்த ஒன்றைப் பார்த்துவிடுங்கள்.

அதன் பிறகு வயரின் ஓர் இழையை வெட்டி பிளேட்டால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம் அது. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினதில் ஏறத்தாழ 60 வீதம்தான். ஒரே தடிப்பில் இரண்டையும் வைத்தால் அலுமினியம் அதிக மின்னழுத்தத்தை இழக்கும், அதிகம் சூடேறும். முழுச் செம்பு வயருக்கு விலை கூடத்தான். இருந்தாலும் இழையைச் சுரண்டிப் பார்க்கவிடாத கடையில் வாங்காதீர்கள்.

சப்வூபரையும் அம்ப்ளிஃபயரையும் தெரிவு செய்வது இந்த முறை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. ஏனெனில் இருக்கையின் பின்னாலிருந்து தொடங்கினோம். என் வாகனத்தில் அந்த இடைவெளி அடியில் 7 அங்குலம், மேலே போகப் போகக் குறுகி 4 அங்குலம். ஆகவே பத்து அங்குலத்தில், ஆழம் 3¼ அங்குலமே உள்ள தட்டையான சப்வூபர். ஆர்எம்எஸ் 400 வாட். 4 ஓம் கொயில்கள் இரண்டு. சமாந்தரமாக இணைத்தால் அது 2 ஓம். 2 ஓமில் ஆர்எம்எஸ் 500 வாட் தரும் டி வகை மொனோ (ஒரே சானல்) அம்ப்ளிஃபயர் அதற்குப் பொருந்தியது. முழு வலுவில் அது இழுக்கும் மின்னோட்டம் 45 அம்பியர் அளவில் வரும். பாட்டு ஓடும்போது சராசரி அதைவிட வெகுவாகக் குறைவு என்பதால், ஓடும்போது மின்சாரம் தரும் ஓல்ட்டர்னேட்டரை மாற்றத் தேவையில்லை என்றார் நானா.

பெட்டியை மொரட்டுவையில் தச்சு பாஸ் ஒருவரிடம் கொடுத்தேன். வத்தளையிலிருந்து காலி வீதியால் நகரம் முழுவதையும் கடந்து போக வேண்டும். அப்படி மூன்று தடவை போனேன். முதல் தவறு என்னுடையது: அளவுகளை எழுதிக் கொடுத்தபோது உள் அளவா வெளி அளவா என்று குறிக்கவில்லை. ¾ அங்குல எம்டிஎஃப் பலகை இரு பக்கமும் சேர்ந்து ஒன்றரை அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். ஐந்து அங்குல ஆழப் பெட்டியில் அது சிறு விடயமல்ல. இரண்டாம் முறை செய்த பெட்டி அளவில் சரியாக இருந்தும், மேலே ஒட்டிய கார்ப்பெட்டின் தடிப்பால் இருக்கை முதுகு கொக்கியில் பூட்டவில்லை. ஒரு விரல் அளவுதான் குறை, ஆனால் பூட்டாத இருக்கையில் பிள்ளைகளை வைத்து ஏ9 வீதியில் போக முடியாது. மூன்றாம் முறை போகும் முன் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி, கார்ப்பெட் தடிப்பையும் சேர்த்து ஒரு மாதிரியைச் செய்து, இருக்கை ‘கிளிக்’ என்று பூட்டுவதை உறுதிசெய்து, அதையே பாஸின் கையில் கொடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. மூடிய பெட்டிதான் செய்வித்தேன். துளை வைத்த பெட்டி சத்தம் கூட்டித் தரும், ஆனால் அதற்கு இடம் அதிகம் வேண்டும், தவிலின் அடியும் வழவழவென்று நீளும்.

பொருத்திய அன்று ஒரே ஒரு தொல்லை. அக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி ஏறிக்கொண்டே போனது. எர்த் வயரை இருக்கை ஆணியில் கட்டியிருந்தோம்; அடியில் பெயின்ட். வேறோர் இடத்தில் தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, வயரை ஒன்றரை அடிக்குக் குறைத்துக் கட்டி, செட்டிலிருந்து அம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரையும் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாக மாற்றியதும் நின்றது.

அம்ப்ளிஃபயர் ஒலியை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று வைக்கும் திருகான கெயினைக் காதால் வைக்க நானா விடவில்லை. சப்வூபரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்து, செட்டின் ஒலியை முக்கால் பங்கில் நிறுத்தி, 50 ஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீற்றரை அம்ப்ளிஃபயரில் சப்வூபர் வயர் பூட்டும் இடத்தில் வைத்தார். சப்வூபரின் 400 வாட்டை 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 28.3 வோல்ட், அந்த எண் வந்ததும் திருகை விட்டுவிட்டார். அதற்கு மேற்பட்ட ஒலி சப்வூபருக்குப் போகாமல் மட்டுப்படுத்தும் லோ பாஸை 80 ஹேர்ட்ஸில் வைத்தார்.

அடுத்த வாரம் யாழ்ப்பாணம் போகும் வழியில், சென்ற வருடத் திருவிழாவில் நானே பதிவு செய்த தவிலைப் போட்டேன். வலந்தலைச் சொற்கள் ஒருபுறம் பொரிய, தொப்பியின் ஒவ்வோர் அடியும் தனியாக எழுந்து, விழுந்த இடத்திலேயே நின்றது. மகள் பின்னிருக்கையில் இருந்து முதுகில் அடிப்பது போலிருக்கிறது என்றாள். சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்தேன்.

பன்னிரண்டு அங்குலச் சப்வூபர் இன்னும் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. விற்கத்தான் வேண்டும், ஆனால் வாங்க வருபவரின் அம்ப் எத்தனை ஓம் தாங்கும் என்று கேட்காமல் அதைக் கொடுப்பதாயில்லை.